மரை இறுகிய கதை

அம்மன் காசை இந்தத் தலைமுறையினர் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு அது. விரல் நுனியில் அடங்கிவிடும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் வீற்றிருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். நவராத்திரியில் தானமாக அளக்கும் அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பது அரண்மனை வழக்கம். சமஸ்தானத்துக்குள்ளே அதற்குத் தனி மரியாதை. எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் சீமைக்குள் போய்விட்டால் மரியாதை வேறு மாதிரி.

நாணயங்களைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. எடுத்துக்கொண்ட விஷயம், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் இறுகிக்கொண்டு, ‘வர மாட்டேன்’ என்று அடம் பிடிக்கும் மரையாணி. காசுக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் மரையும் அம்மன் காசைப் போலத்தான் இருந்தது. அதது பிறந்த பட்டறைக்குள்ளே செல்லும், வெளியே செல்லாது.

வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பெண்மணிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஜோடித் தோட்டின் திருகாணி இன்னொரு ஜோடிக்குச் சேராது. சில சமயம் வலது காதுத் திருகு இடது தோட்டுக்கே சேராது. ஆசாரி ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனியாக மரை போட்டிருப்பார். திருகு தொலைந்தால் தோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் உலகத்தின் யந்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த நிலைமையில்தான் இருந்தன. ஒரு நட்டும் ஒரு போல்ட்டும் கணவன் மனைவி மாதிரி. அதற்கு இது, இதற்கு அது. கழற்றி வைக்கும்போது ஜோடி மாறாமல் அடையாளம் போட்டு வைப்பார்களாம்.

இந்த நிலையை மாற்றத் தொடங்கியவர் லண்டனில் பட்டறை வைத்திருந்த ஹென்றி மாட்ஸ்லே. 1800-ஐ ஒட்டி அவர் செய்த கடைசல் யந்திரம், ஒரே அளவான மரையை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப வெட்டித் தந்தது. ஆனால் அவருடைய மரை அவருடைய பட்டறைக்கு. அடுத்த தெருக்காரர் வேறு மரை வெட்டினார். அந்த மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்துப் பழகிய ஜோஸப் விட்வொர்த் என்பவர்தான் 1841-ல், லண்டன் சிவில் என்ஜினீயர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார், எல்லாவற்றையும் அளந்தார், சராசரி எடுத்தார். ‘மரையின் கோணம் 55 டிகிரி இருக்கட்டும், கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 மரை, இந்தக் கனத்துக்கு இத்தனை’ என்று ஒரு பட்டியலை வைத்தார். யாருக்கும் முழு வெற்றி இல்லை, யாருக்கும் முழுத் தோல்வி இல்லை. பஞ்சாயத்து என்றால் இதுவல்லவா பஞ்சாயத்து! ரெயில்வே கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டன. பிறகு இங்கிலாந்து முழுவதும், அதன் கொடி பறந்த தேசங்கள் முழுவதும் அந்த மரையே பரவியது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் வில்லியம் ஸெல்லர்ஸ் என்ற அமெரிக்கர் 1864-ல் வேறு பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவர் கோணம் 60 டிகிரி. ஐரோப்பியக் கண்டத்தார் மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டினார்கள். ஆக, ஆயிரம் பட்டறை நாணயங்கள் போய் மூன்று பெரிய சமஸ்தானங்கள் உண்டாயின. இதன் தொல்லை இரண்டாம் உலக யுத்தத்தில்தான் உறைத்தது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனி செய்ய ஒப்புக்கொண்டபோது, அந்த இங்கிலீஷ் மரைகளை வெட்டும் கருவிகளையே அமெரிக்காவில் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்ததும் பிரிட்டன், அமெரிக்கா, கானடா மூன்றும் கூடி 1948 நவம்பரில் பொது மரை ஒன்றுக்குக் கையெழுத்திட்டன. அதே 1948-ல், மார்ச்சு மாதம் 4-ம் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நேர் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரே ஆண்டில் நடந்ததைப் பார்க்கும்போது, கதை எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

புதுக்கோட்டைக்குப் பெரிய அளவில் விட்வொர்த் மரை வந்தது ரெயிலில் என்றே சொல்லலாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்புதான் தென்னிந்திய ரெயில்வேயின் பெரிய தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்திருந்தது. பொன்மலையில் சங்கு ஊதினால் சுற்று வட்டாரத்துக்கே மணி தெரியும் என்பார்கள். அங்கே தொழில் கற்றவர்கள் ஓய்வு பெற்றதும் சொந்த ஊரில் லேத்துப் பட்டறை போடுவதுண்டு. ‘சூத்து’ என்று நம் ஊர்த் தொழிலாளி சொல்லும் ‘சூத்’ ஸ்பானரும், ‘டாப்பு’ம் ‘டை’யும், அங்குலத்தை எட்டாகப் பிளந்து ‘ரெண்டு சூத்து, மூணு சூத்து’ என்று கணக்குச் சொல்லும் வழக்கமும் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவின.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். நம் பக்கத்தில் ‘பழைய வண்டி’ என்றால் பெரும்பாலும் அது புல்லட்டுதான். அதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர் போனது. அங்கே ஜார்ஜ் டவுன்ஸெண்ட் என்பவர் 1851-ல் தொடங்கிய ஊசிக் கம்பெனி, காலப்போக்கில் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. 1890-களில் கை மாறியது. என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்த பெருமையில், ‘ராயல் என்ஃபீல்டு’ என்று தன் சைக்கிளுக்குப் பெயர் வைத்துக்கொண்டது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயர். ஊசியில் தொடங்கித் துப்பாக்கி வழியாகத் தோட்டாவுக்கு வந்து சேர்ந்த பரம்பரை!

சென்னையில் கே. ஆர். சுந்தரம் ஐயர் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ என்ற பெயரில் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்றுவந்தார். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் ரெட்டிச்சுக்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ கம்பெனியைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். பிறகு, அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வர, எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டுவிட்டது. தாய் வீடு போய்விட்டது. திருவொற்றியூரில் பெண் அதே பழைய புடவையுடன் குடித்தனம் நடத்தினாள். 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று.

பழைய புடவை என்று ஏன் சொன்னேன் என்றால், மரைகள் எல்லாம் அதே மரைகள். ஒரே எஞ்சினில் விட்வொர்த் மரை, அதன் தம்பியான நுண் மரை, சைக்கிள் வைத்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அங்குலத்துக்கு 26 என்ற சைக்கிள் மரை, மூன்றும் உண்டு. இதற்கிடையே தேசம் வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தது. 1956-ல் எடை அளவுச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. வீசையும் படியும் போன மாதிரியே அங்குலமும் போயிற்று. சைக்கிள் கடை, மோட்டார் பட்டறை, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றிலும் மில்லிமீட்டர் ஸ்பானர். ஆனால் 1960-களில் திருவொற்றியூரில் பிறந்த புல்லட், சட்டத்தை மதிக்காத பழைய மிராசுதாரரைப் போல அங்குலத்திலேயே இருந்தது. பிற்காலத்தில்தான் மெட்ரிக் ஆணிகள் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தன.

ஆணி உடைகிற கதையில் பாதி இங்கேதான் இருக்கிறது. கணக்கைக் கேளுங்கள். ஸ்பானரின் மேல் ‘1/4 W’ என்று போட்டிருக்கும். அது ஸ்பானரின் வாய் அகலம் அல்ல. அது கவ்வுகிற விட்வொர்த் போல்ட்டின் தண்டுக் கனம். வாய் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். இன்றையப் பையன் கையில் இருப்பது 13, அல்லது 14. பதின்மூன்று உள்ளே நுழையாது. பதினான்கு நுழையும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பானரை வைத்து இறுகிய நட்டைத் திருப்பினால் அதன் ஆறு மூலையும் வழித்துக்கொண்டு, நட்டு உருண்டைக் கட்டியாகிவிடும். பிறகு எந்த ஸ்பானருக்கும் அது பிடி கொடுக்காது.

இன்னொரு விபரீதம் இதைவிட மோசம். அலுமினியக் கூட்டுக்குள் 5/16 அங்குல ஆணி போக வேண்டிய துவாரம். ஆணி தொலைந்து போயிற்று. கடைக்காரர் 8 மில்லிமீட்டர் ஆணியைக் கொடுக்கிறார். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கையால் திருகினால் இரண்டு சுற்று நன்றாகவே போகும். பிறகு இறுகும். ‘நன்றாகப் பிடித்துவிட்டது’ என்று நம்பி ஸ்பானர் போட்டு முடுக்குவார்கள். உண்மையில் ஒரு மரை இன்னொரு மரையைத் தின்றுகொண்டு உள்ளே போகிறது. இருபது வருஷத்துக்குப் பிறகு அதைக் கழற்ற வருகிறவன்தான் அகப்பட்டுக்கொள்வான். முன் ஜன்மத்து வினை என்று சொல்வதெல்லாம் பட்டறைகளில் கண் கூடாகப் பார்க்கலாம். யாரோ முடுக்கியதை யாரோ கழற்ற வேண்டும்.

மறு பாதி துரு. புதுக்கோட்டைச் சீமையின் செம்மண்ணையும் செம்பாறையையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்புக்குக் காரணமே இரும்பின் துருதான். இரும்பு, ஈரமும் காற்றும் பட்டால் தான் வந்த மண்ணுக்கே திரும்பிப் போகப் பார்க்கிறது. இந்த வட்டாரத்தின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் கிடைத்த இரும்புக் கருவிகளைப் பார்த்தால் பாதி ஆயுதமாகவும் பாதி மண்ணாகவும் இருக்கும். துருவுக்கு ஒரு துர்க்குணம்: அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைத்துக்கொள்ளும். மரைகளின் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் இது நடந்தால் என்ன ஆகும்? ஆப்பு அடித்த மாதிரிதான். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற வண்டியென்றால் சொல்லவே வேண்டாம்.

இரும்பும் அலுமினியமும் சேர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு நாடகமும் நடக்கிறது. இதை உலகம் முதலில் கண்டது கடலில். பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்தது. இரண்டு வருஷம் கழித்துக் கரையேற்றிப் பார்த்தபோது தகடு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. எங்கெங்கே தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவில், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக ஒட்டிக்கொண்டிருந்ததோ, அங்கே மட்டும் ஆணி பிழைத்திருந்தது! இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். அது ஒரு மின்சார பாட்டரி. இரண்டில் எளியது கரையும். அந்தச் செம்புக்கு இரும்பு இரையாயிற்று. புல்லட் எஞ்சினில் உருக்கு ஸ்டட்டுக்கு அலுமினியம் இரையாகிறது. வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஸ்டட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக்கொள்ளும்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை. தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம். வயதானவர் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மேஸ்திரி’. ஒரு வீட்டுக் கொல்லைக் கொட்டிலில் பதினைந்து வருஷம் கோழி அடைந்துகொண்டிருந்த புல்லட்டு ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் காலமாகிவிட்டார். அப்பா ஓட்டிய வண்டியை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. வண்டியைக் கழற்ற ஆரம்பித்தபோது நானும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருந்த நட்டு ஒன்று அசையவில்லை. உதவிக்கு இருந்த பையன், ஸ்பானரின் வாலில் மாட்ட ஒரு குழாய்த் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

“மேஸ்திரி, பைப்பு போட்டு ஒரே திருகாத் திருகிடட்டுமா?”

“திருகு, தம்பி. ஆணி வரும். பாதி உன் கைக்கு வரும். பாதி உள்ளேயே இருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்து அழலாம்” என்றார் மேஸ்திரி.

பையன் குழாயைக் கீழே போட்டான். மேஸ்திரி மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து வைத்திருந்த சீசாவை எடுத்து, நட்டின் அடியில் நாலு சொட்டு விட்டார். சின்னச் சுத்தியலால் தலையில் தட்டினார். அடி அல்ல, தட்டு. டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது போல. பிறகு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் இப்படி மூன்று தடவை. மறு நாளும் அதுவே. எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை.

அந்தத் தட்டலுக்கு அர்த்தம் இருக்கிறது. துரு என்பது நொறுங்கும் பொருள். ஒவ்வொரு தட்டுக்கும் அதில் மயிரிழைப் பிளவு விழும். எண்ணெய் அந்தப் பிளவுக்குள் ஊறும். மூன்றாம் நாள் அவர் நட்டைக் கழற்ற முதலில் எந்தப் பக்கம் திருப்பினார் தெரியுமா? முடுக்குகிற பக்கம்! ஒரு நூலளவு முடுக்கினார். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். பிறகு கழற்றுகிற பக்கம் ஒரு நூல். மறுபடியும் உள்ளே, மறுபடியும் வெளியே. முரடாக ஒரே பக்கம் திருகினால் நொறுங்கிய துருவே மரைக்குள் ஆப்பாகச் சிக்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் போனால் அது பொடியாகி எண்ணெயோடு வழிந்துவிடும். நட்டு வந்துவிட்டது.

இன்னொரு நட்டு இதற்கும் மசியவில்லை. அப்போது நெருப்பு. நெருப்பை ஆணிக்குக் காட்டக் கூடாது, ஆணியைச் சூழ்ந்த அலுமினியத்துக்குக் காட்ட வேண்டும் என்பது சூத்திரம். ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துவாரம் பெரிதாகிப் பிடி தளரும். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. நல்ல பிள்ளையாக இருந்துகொண்டே திடீரென்று உட்கார்ந்துவிடும். மேஸ்திரி தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சத்தத்தைக் கேட்டே சூட்டை நிதானித்தார். தோசைக் கல்லில் நம் வீட்டுப் பெண்கள் செய்வதுதான்.

திசை தெரியாமல் உடைத்தவர்களும் உண்டு. புல்லட் எஞ்சினின் வலப்பக்கத்தில், எண்ணெய்ப் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு ஒன்று இருக்கிறது. அது இடது மரை. சைக்கிளின் இடது பெடலைப் போல எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதை அறியாதவன் கழற்றுவதாக எண்ணி முடுக்கிக்கொண்டே போவான். எவ்வளவு பலசாலியோ அவ்வளவு நஷ்டம்.

எல்லாம் செய்தும் ஆணி ஒடிந்துவிட்டால்? உடைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் புது நட்டு ஒன்றை வைத்து, நடுவில் வெல்டிங் செய்துவிடுவார்கள். கைப்பிடியும் கிடைத்தது, உள்ளே சூடும் பாய்ந்தது. பெரும்பாலும் வந்துவிடும். மட்டத்துக்குக் கீழே ஒடிந்தால்தான் தர்மசங்கடம். நட்ட நடுவில் பொட்டு வைத்துத் துளை போட வேண்டும். நடு என்றால் நடு. டிரில் கொஞ்சம் சறுக்கினாலும் மெத்தென்ற அலுமினியத்துக்குள் புகுந்துவிடும். அந்தத் துளைக்குள் இறக்கித் திருப்ப ‘ஈஸி அவுட்’ என்று ஒரு கருவி விற்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் நல்ல நகைச்சுவைக்காரராக இருக்க வேண்டும். அது மிகக் கடினமான உருக்கு. கடினமானது எல்லாம் முறியும். அதுவும் உள்ளே முறிந்துவிட்டால் எந்த டிரில்லும் அதில் இறங்காது.

அந்தக் கட்டத்துக்கும் இரண்டு மருந்து உண்டு. ஒன்று, யுத்த காலத்து மாஸ்கோவில் பிறந்தது. மின்சார சுவிட்சுகளின் முனைகள் பொறி பட்டு அரித்துப் போவதைத் தடுக்க ஆராய்ந்த போரிஸ் லஸரெங்கோ, நதாலியா லஸரெங்கோ என்ற தம்பதி, தடுக்க முடியாத அந்த அரிப்பையே 1943-ல் ஒரு கருவியாக்கினார்கள். எண்ணெய்க்குள் பொறி பறக்க விட்டு, எவ்வளவு கடினமான உலோகத்தையும் பொடிப்பொடியாக அரித்து எடுக்கும் முறை அது. அச்சு செய்யும் பெரிய பட்டறைகளில் இன்று அந்த யந்திரம் இருக்கிறது. முறிந்த கருவியை மட்டும் தின்றுவிட்டு மரையைத் தொடாமல் விட்டுவிடும்.

மற்றது இதற்கு நேர் எதிர். நாவிதர் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும் படிகாரம்தான்! கெட்டியாகக் கரைத்த படிகார நீரைச் சூடாக வைத்து, அதற்குள் பாகத்தை மூழ்க விட்டால், அது உருக்கை மெல்ல மெல்லக் கரைக்கும். அலுமினியத்தையும் பித்தளையையும் அதிகம் தொடாது. பித்தளைத் தகட்டுக்குள் ஒடிந்த மயிரிழைத் திருகாணியைக் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். வேறு உருக்கு உறுப்பு எதையும் அதில் விட்டு வைக்கக் கூடாது. அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். நாள் கணக்கில் ஆகும். மேஸ்திரியின் பட்டறையில் ஒரு அலுமினிய மூடி இரண்டு நாள் படிகாரச் சட்டியில் கிடந்ததை நான் பார்த்தேன். உள்ளே ஒடிந்திருந்த ஆணி கறுத்துச் சேறாகிக் குச்சியால் கிளறியதும் வந்துவிட்டது.

ஒரு பழைய வண்டிக்கு இத்தனை பாடா, புது உறுப்பு வாங்கிப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். மூடி, குழாய், பிஸ்டன் எல்லாம் வாங்கிவிடலாம். கிராங்க் கேஸ் என்கிற அடிக்கூட்டை மட்டும் அப்படி நினைத்தவுடன் மாற்ற முடியாது. எஞ்சின் நம்பர் அதன் மேல்தான் பொறித்திருக்கிறது. அதே நம்பர்தான் சர்க்கார் கொடுத்த பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு ஸ்டட்டை முரட்டுத்தனமாகத் திருகிக் கூடு பிளந்துவிட்டால், காகிதத்தில் இருக்கும் வண்டி வேறு, வாசலில் நிற்கும் வண்டி வேறு என்றாகிவிடும். அந்த மகன் கொண்டுவந்த பதிவுப் புத்தகத்தில் அவன் தகப்பனார் பெயர் பவுண்டன் பேனா மையில் எழுதியிருந்தது. மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்தார். கூட்டில் இருந்த நம்பரைத் துணியால் துடைத்து அதனோடு ஒத்துப் பார்த்தார். மூன்று நாள் மண்ணெண்ணெய் சொட்டு விட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லாம் கழன்றும் ஒரு ஸ்டட்டு பாழாகிப் போயிருந்தது. அதற்கு ஈடாகப் புதியது செய்ய வேண்டும்; அங்குலத்துக்கு 26 மரை. மேஸ்திரியின் லேத்து மிகப் பழையது. அதன் நீளத் தண்டின் மரையே அங்குலக் கணக்கு. பக்கத்தில் இரண்டு பல் சக்கரங்களை மாற்றிப் போட்டால் 26 தானாக வெட்டும். அந்த லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமானால்தான் தகராறு. 1959-ல் ஆறு தேசங்கள் கூடி அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு கட்டின. ஐந்து அங்குலம் சேர்ந்தால் 127 மில்லிமீட்டர், ஒரு பின்னம் இல்லாமல். 127-ஐ வேறு எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. ஆகவே அங்குல லேத்தில் மெட்ரிக் மரை பிசகாமல் வர வேண்டுமானால் சரியாக 127 பல் உள்ள சக்கரம் ஒன்று நடுவில் உட்கார்ந்தே தீர வேண்டும். மேஸ்திரியிடம் அது இருக்கிறது. தாம்பாளம் அகலத்துக்கு, கறுப்பாக, சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். பம்பு செட்டு வேலைக்கு அடிக்கடி இறக்குவாராம்.

இந்த வேலைக்கு அதை இறக்கவில்லை. ஸ்டட்டு தயாரானதும் கிராபைட் பசை தடவி, ஸ்பானர் போடாமல் விரலாலேயே திருகினார். கடைசி மரை வரையில் போயிற்று.